மேயராக நிக்கிறவங்களிடம் நம்ம கேள்விகள்

நாகர்கோவில் சொந்தங்களுக்கு வணக்கம். ஞாயிறு மாலை 5 மணி, நம்ம கோவில் கலையரங்கம். எல்லாரும் வந்திருங்க.

மேயரை நாம நேரடியா தேர்ந்தெடுக்கிறதில்ல, 52 வார்டு கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பாங்க. அதனால வார்டுக்கு நிக்கிறவங்களையும் சேர்த்தே கேக்கணும்.

தண்ணிதான் முதல்ல. கோடையில முக்கடல் அணை வத்தினா மாற்று என்ன? எங்க வீட்டுல குழாய் வர்ற நாளை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கோம். அம்மா முந்தின ராத்திரியே 6 குடத்தையும் புளி போட்டுத் தேய்ச்சு வரிசையா கவுத்திடுவாங்க. 2019-லயே மாநகராட்சி ஆன ஊருங்க இது!

அடுத்து வலம்புரிவிளை குப்பைக் கிடங்கு. அதை எப்போ சரி பண்ணுவீங்கன்னு கேக்கணும். "பாத்துக்கலாம்"னா விட்டுடாதீங்க, எந்த மாசத்துக்குள்ளன்னு கேளுங்க.

கேள்வியைத் தாள்ல எழுதிட்டு வாங்க, ஆளுக்கு 2 நிமிஷம். பெண்கள் முன்வரிசையில உக்காருங்க. தண்ணிக்குக் காத்து நிக்கிறது நீங்கதானே.