மத்தில்டேயில் நெய்வேலிக்கு ஒரு பள்ளம்

பெறுநர்: சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கோள்பரப்புப் பெயரிடும் குழுவினர்

வணக்கம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் 253 மத்தில்டே என்ற சிறுகோளின் பள்ளங்களுக்கு உலகின் நிலக்கரி வயல்களின் பெயர்களை வைத்திருக்கிறீர்கள். கரிமம் மிகுந்த பாறை அது. விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அங்கே நிலக்கரி கிடையாதுதான், ஆனாலும் அந்த நிறத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வரிசை கிடைக்காது. தென்னாப்பிரிக்காவின் கரூ, ஜப்பானின் இஷிகாரி, நைஜீரியாவின் எனுகு எல்லாம் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து தாமோதர் இருக்கிறது. நெய்வேலி இல்லை. அதையும் சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல்.

நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரிதானே என்று உங்களில் யாராவது கேட்கலாம். பல்கேரியாவின் மரித்சாவில் எடுப்பதும் அதுதான். அதன் பெயரில் பள்ளம் இருக்கிறதே! தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கு எரிவதில் நெய்வேலிக்குப் பல பத்தாண்டுகளாகப் பங்கு உண்டு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்கள் சில இன்று இருந்த இடத்தில் இல்லை. விண்ணில் ஒரு பெயர் அதற்கு ஈடாகாது. அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியவர்கள் நீங்களும் அல்ல.

இடப் பஞ்சமும் இல்லை. 1997 ஜூன் 27 அன்று நாசாவின் நியர் விண்கலம் 1,212 கி.மீ. தூரத்தில் மத்தில்டேயைக் கடந்து போனது. அந்தச் சிறுகோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 17 நாளுக்கு மேல் ஆகும். அதனால் படத்தில் சிக்கியது ஏறக்குறைய பாதிதான். அந்தப் பாதியிலேயே பிற விண்பாறைகள் மோதிய பெரிய பள்ளங்கள் எத்தனை! சராசரி 53 கி.மீ. அகலமுள்ள பாறையில் கரூ மட்டும் 33 கி.மீ. இவ்வளவு அடி வாங்கியும் உடையாமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் வெற்றிடம் என்கிறார்கள். அடர்த்தி தண்ணீரைப் போல 1.3 மடங்குதான். மோதலின் வேகத்தை அந்தப் பொள்ளல் உள்வாங்கிக்கொள்கிறது. பார்க்காத பாதியும் இப்படித்தான் அடிபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஆய்வுக்குத் தேவைப்பட்டால்தான் பெயர் வைப்பீர்கள் என்பது தெரியும். சரி, அவசரமில்லை. எடுத்த படங்களிலேயே பெயரில்லாத சின்னப் பள்ளங்கள் கிடக்கின்றன. யாராவது அவற்றில் ஒன்றை ஆராயத் தொடங்கும்போது இந்தப் பெயரைப் பரிசீலியுங்கள். அப்புறம், வைப்பதானால் ஊர்ப் பெயரையே வையுங்கள். சுரங்க நிறுவனத்தின் மூன்றெழுத்துச் சுருக்கமான என்.எல்.சி. வேண்டாம்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்து வாசகன்