அம்மாவின் உடம்பில் அந்தக் கருப்புப் புள்ளியைத் தேடிப் பார்த்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிறது. நேற்று காலையில் தானே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். சின்னக் கோலம்தான், நாலு புள்ளி. அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். அதுவரைக்கும் எழுத மனசு தைரியப்படவில்லை.

எங்கள் ஊர் கணியம்பாடி பக்கம். அப்பா இல்லை. ஒரு மாடு, ஒரு கிடேரிக் கன்று, கொஞ்சம் கொல்லை. நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறேன். ஐப்பசி மழைக்கு ஏரிக்கரையில் புல் முழங்கால் உயரம் நின்றது. அம்மா தினமும் போய் அறுத்துக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவருவாள். கார்த்திகை பிறந்ததும் காய்ச்சல் பிடித்தது. தலைவலி, உடம்பு வலி. ஒரு கிளினிக்கில் நாலு நாள் ஊசி போட்டோம். வைரஸ் காய்ச்சல், தானாகப் போய்விடும் என்றார்கள். அம்மாவை அங்கே யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஈரத்துணியால் அம்மாவின் உடம்பைத் துடைத்துவிட்டது நான்தான். எனக்கும் தெரியவில்லையே. ரவிக்கையை அவிழ்க்க அம்மா விடவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

எட்டாம் நாள் ராத்திரி மூச்சு இரைத்தது. என்னை, செத்துப்போன பெரியம்மாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். 108-க்குப் போன் செய்தோம். அந்த வண்டியில் வந்த இரண்டு தம்பிகளுக்கும் என் முதல் நன்றி. எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது. மழையில் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தார்கள்.

அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

டூட்டியில் இருந்த டாக்டர் இளம் வயசுக்காரர். அம்மாவின் வேலை என்ன, புல் அறுக்கப் போவாரா, காட்டுப் பக்கம் விறகு பொறுக்குவாரா என்று கேட்டார். பிறகு நர்ஸ் அக்காவிடம், "உடம்பு முழுக்க ஒரு இடம் விடாமப் பாருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அக்கா மறைப்பை இழுத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். காது மடலுக்குப் பின்னால், கழுத்து, அக்குள் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். ரவிக்கைக் கொக்கியில் கை வைத்ததும், அந்த மயக்கத்திலும் அம்மா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையை விலக்கவில்லை. அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து, "இன்னாம்மா, எனுக்கும் இதே ஒடம்புதானே. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு மூடிட்றேன்" என்றார். அம்மா கையைத் தளர்த்தினாள்.

இடது மார்பின் அடிமடிப்பில் இருந்தது. ஒரு கடலைப்பருப்பு அளவு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். பீடி நெருப்பு சுட்ட இடம் காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சீழ் இல்லை. வலி இல்லை, அரிப்பும் இல்லை. அக்கா விரலால் தொட்டபோதும் அங்கே ஒன்று இருப்பது அம்மாவுக்கு உறைக்கவில்லை. "டாக்டர், எஸ்கார் கீது" என்று அக்கா மறைப்புக்கு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். பூச்சி கடித்த இடத்தில் வருகிற இந்தக் கருப்புப் பொருக்குக்குத்தான் எஸ்கார் என்று பேர் என்பது பிறகு தெரிந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஆனால் ரிசல்ட் வரும் வரை காத்திருக்கவில்லை, அப்போதே மருந்தை ஏற்றிவிட்டார்கள்.

நோயின் பேர் ஸ்க்ரப் டைபஸ். டாக்டர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். எலி, பெருச்சாளி திரிகிற புதரிலும் மண்ணிலும் வாழும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறதாம். அதன் குஞ்சுதான் கடிக்கும். வளர்ந்த பூச்சி கடிக்காது. எலியோ மனுஷனோ, புல்லை உரசிக்கொண்டு போகிற எதன்மேலும் ஏறிக்கொள்ளும். துணி இறுக்கமாக இருக்கிற இடம், மடிப்பு உள்ள இடம் பார்த்துக் கடிக்கும். கடித்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால் கடித்ததே யாருக்கும் நினைவிருக்காது. கிருமி தாய்ப் பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போய்விடுமாம். ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாது. இதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் டாக்ஸிசைக்ளின் என்ற சில ரூபாய் மாத்திரையை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். கவனிக்காமல் விட்டால் நோய் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடும். அம்மாவுக்கு நுரையீரலில் பிடித்திருந்தது.

ஐசியூவில் ஐந்து நாள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். நோய் முற்றியவர்களுக்கு ஒன்றை மட்டும் தருவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம் என்று 2023-இல்தான் உறுதியாகத் தெரிந்ததாம். நம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி அது. இந்தியாவில் ஏழு ஆஸ்பத்திரிகளில், சுமார் 800 நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். அந்த 800 பேரும் அம்மாவைப்போலக் கொல்லையிலும் காட்டிலும் பாடுபடுகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் அன்றைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதால் எங்களுக்கு இது கிடைத்தது. முகம் தெரியாத அவர்களுக்கும், அவர்கள் வீட்டாருக்கும் கை கூப்பி நன்றி சொல்கிறேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் காய்ச்சல் இறங்கியது. வராண்டாவில் என் பக்கத்தில் படுத்திருந்த, ஜவ்வாது மலையிலிருந்து வந்த அம்மாதான் என்னை எழுப்பி, தன் தூக்கிலிருந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவர் புருஷனும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த வீட்டு அக்காவைப் பற்றி என்ன எழுதுவது? பதினாறு நாள் எங்கள் மாட்டைத் தன் மாடாகப் பார்த்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து தன் மாட்டைக் கறந்துவிட்டு எங்கள் மாட்டையும் கறந்து பால் சொசைட்டிக்கு ஊற்றினார். நான் திரும்பியதும் பால் அட்டையைக் கையில் கொடுத்தார். ஒரு வேளை விடாமல் லிட்டர் எழுதியிருந்தது. காசு எங்கள் கணக்கில் அப்படியே இருந்தது.

அந்த அக்காவுக்கு நான் இன்னொரு விதத்திலும் கடன்பட்டிருக்கிறேன். நோயை ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். உடனே பேச்சு மாட்டின் மேல் திரும்பியது. மாட்டு உண்ணி கடித்துத்தான் இப்படி ஆனது, மாட்டை விற்றுவிடுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று வாசலுக்கே வந்து சொன்னார்கள். வியாபாரி ஒருவர் விலையும் பேசிவிட்டார். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அதோடு நிற்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரையே ஊருக்கு அழைத்து வந்தார்.

அந்தக் கால்நடை மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. வேப்பமரத்தடியில் நின்று ஊர்க்காரர்கள் முன்னால் அவர் விளக்கியதை அக்கா அப்படியே எனக்குச் சொன்னார். மாட்டின் மேல் இருக்கிற உண்ணி வேறு, இந்தக் காய்ச்சலைத் தருகிற பூச்சி வேறு. பேர்தான் ஒன்றாக இருக்கிறது. இது எலி இருக்கிற புதரில் இருப்பது. பிறகு மாட்டிலிருந்து நிஜமாகவே வரக்கூடியதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மாடு கன்று வீசினால், அதாவது மாசம் நிறையாமல் கருவைத் தள்ளினால், அதை வெறும் கையால் எடுக்காதீர்கள். கன்று வீச்சு நோய் மனுஷருக்கும் ஒட்டி, விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். நல்லா இருந்த மாடோ ஆடோ திடீரென்று விழுந்து செத்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், தோலை உரிக்காதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ராணிப்பேட்டையில் 1932-லிருந்து இருக்கிற அரசு நிறுவனத்தில் அடைப்பானுக்குத் தடுப்பூசி தயாராகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நான் அந்த ஊருக்கே தினமும் வேலைக்குப் போகிறேன், இது நாள் வரை தெரியாது. ஐந்து மாசக் கிடேரிக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசியும், தெரு நாய் இரண்டுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் அன்றே போட்டுவிட்டுத்தான் கிளம்பினாராம்.

நூறு நாள் வேலைப் பெண்கள் எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து ஏரிக்கரை வழி வரைக்கும் புதர் வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் அவர்களிடம் முழுக்கைச் சட்டை போடச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் துணியைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் குளிக்கச் சொன்னார். இப்போது அம்மாவும் அப்படித்தான் செய்கிறாள். புல் அறுக்கப் போனால் என் பழைய கம்பெனிச் சட்டை, திரும்பினதும் முதலில் குளியல். புல்கட்டின் மேலோ புல்தரையிலோ உட்காருவதில்லை. கம்பெனியில் எனக்காக மாறி மாறி ஷிப்ட் பார்த்த தோழிகளுக்கும், கேட்காமலே பணம் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த நர்ஸ் அக்காவின் பேர் எனக்குத் தெரியாது. கேட்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்குத் தேடினேன், வேறு வார்டுக்கு மாறிவிட்டார் என்றார்கள். எங்கள் கொல்லை மல்லாட்டையில் (வேர்க்கடலை) இரண்டு படி உரித்து, காயவைத்து, டப்பாவில் போட்டு அவருக்கென்று அம்மா தனியாக வைத்திருக்கிறாள். யாரையும் தொட விடுவதில்லை. வருகிற வியாழக்கிழமை மறு பரிசோதனைக்கு வருகிறோம். கார்த்திகை மழை ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்த அந்த அக்காவை யாருக்காவது தெரிந்தால், அன்று காலை பத்து மணிக்கு ஓபி சீட்டு தருகிற இடத்தில் நாங்கள் நிற்போம் என்று சொல்லிவிடுங்கள். அம்மா பச்சைப் புடவை கட்டியிருப்பாள்.

இப்படிக்கு,
புல்கட்டுக்காரம்மாவின் மகள்