அரையாண்டு விடுமுறைக் கடிதம்: கரும்பு வெட்டுக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகளின் கும்மிக்கு வட்டார அளவில் பரிசு கிடைத்தது. கைப்பந்து அணியும் நன்றாக ஆடியது. ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் காலை உணவு தடையில்லாமல் நடக்கிறது. மழையில் ஒழுகிய வகுப்பறையைச் சரிசெய்ய முன்னின்ற பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நன்றி. பள்ளி திறக்கும் நாளைப் பிள்ளைகளின் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இனி எழுதுவது முக்கியமாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டாருக்கு. மற்றவர்களும் படியுங்கள். இன்று ஆறாவதில் இருக்கும் பிள்ளைக்கும் இரண்டு வருடத்தில் இதே நிலைமை வரும். படிக்கச் சிரமமாக இருந்தால் பிள்ளையையே சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

பொங்கல் கழிந்தால் நம் தெருக்களில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கரூர், சத்தியமங்கலம் பக்கம் வெட்டுக்குப் போய்விடுவீர்கள். ஏன் போகிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. தீபாவளிக்கு, வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் எதற்குச் செலவானது என்பது எனக்கும் தெரியும். ஒருவர் வீட்டில் பிரசவம், இன்னொருவர் வீட்டில் வட்டிக் கடன், வேறொருவர் வீட்டில் அக்காவின் கல்யாணம். ஊரில் வேலை இருந்தால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரும்புச் சோகை வேய்ந்த கொட்டாயில் போய்ப் படுக்க யாருக்கு ஆசை? இந்தக் கடிதத்தில் உங்கள் பிழைப்பைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஆனால் போன வருடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

எட்டாவது முடித்த பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் டி.சி. கொடுத்தோம். எங்கள் கணினியில் இ.எம்.ஐ.எஸ். என்ற பதிவு இருக்கிறது. ஒரு பிள்ளையை நாங்கள் விடுவித்தால், அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அந்தப் பெயர் ‘காமன் பூல்’ என்ற இடத்தில் நிற்கும். பெரும்பாலான பெயர்கள் ஒரு வாரத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டன. நான்கு பெயர்கள் மட்டும் போகவில்லை. ஜூலையிலும் பார்த்தேன், ஆகஸ்டிலும் பார்த்தேன், அதே இடத்தில் நின்றன. நான்கு பேரும் ஜனவரியில் உங்களோடு வெட்டுக்கு வந்த பிள்ளைகள்.

அதில் ஒரு பெண் பிள்ளை ஆகஸ்ட் கடைசியில் அம்மாவோடு பள்ளிக்கு வந்தாள். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் டி.சி.யை நான்காக மடித்து வைத்திருந்தார்கள். மடிப்பு கிழியத் தொடங்கியிருந்தது. “டீச்சர், இப்ப ஒன்பதாவது சேத்துக்குவாங்களா?” என்று அம்மா கேட்டார். அந்தப் பிள்ளை பேசவில்லை. பெயரை எழுது என்று ஒரு தாளைக் கொடுத்தேன். எட்டாவதில் முத்து முத்தாக எழுதியவள் அவள். விரல் மடிப்புகளில் தோகை கிழித்த கோடுகள், உள்ளங்கையில் காய்ப்பு. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள், எழுத்து கோணிப்போயிருந்தது. அவளே அதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள்.

அன்றைக்கே நானும் கூடப் போய் அவளை உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தேன். இந்த விஷயத்தில் என் தவறும் இருக்கிறது. ஜூனில் டி.சி.யில் கையெழுத்துப் போட்டபோது “எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள்?” என்று நான் கேட்கவில்லை. வண்டி நிற்கிறது, சீக்கிரம் கொடுங்கள் என்றார்கள், கொடுத்துவிட்டேன். இனி கேட்பேன்.

எட்டாவதுக்குப் பிறகு என்ன மாறுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான். அதுவரை பிள்ளை வரவில்லையென்றால் நாங்கள் வீடு தேடி வருகிறோம். நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள அரசுப் பள்ளி, டி.சி. கையில் இல்லாவிட்டாலும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நின்றுபோன பிள்ளைக்கு அதன் வயதுக்கேற்ற வகுப்பில் இடமும், விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது தாண்டினாலும் எட்டாவது முடிக்கும் வரை இலவசம்தான். ‘வயசாயிடுச்சு, இனிமே எப்படி?’ என்று கேட்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

எட்டாவது முடிந்த மறுநாள் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. இலவசச் சீருடை எட்டாவதோடு நிற்கிறது. பெண் பிள்ளைகளுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் முதலில் 6 முதல் 8 வரைக்காகத் தொடங்கப்பட்டவை. சில இடங்களில் அதற்கு மேலும் உண்டு. நம் பள்ளியிலும் எட்டோடு சரி. எட்டாவது முடியும் வரை தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆசிரியர், அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளையின் ஆசிரியர் இல்லை. உயர்நிலைப் பள்ளிக்கோ அந்தப் பிள்ளையை இன்னும் தெரியாது. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் நழுவுகிறார்கள்.

ஆனால் எல்லாமே நின்றுவிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், பஸ் பாஸ் உண்டு. சத்துணவு பத்தாவது வரை உண்டு. பதினொன்றில் சைக்கிள் தருகிறார்கள். என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் கிடைக்கும். அந்தத் தேர்வு பெரும்பாலும் நீங்கள் வெட்டில் இருக்கும் மாதங்களில்தான் வருகிறது. போன முறை விண்ணப்பம் போட்டு, நுழைவுச் சீட்டும் வந்து, தேர்வு நாளில் ஒரு பிள்ளையின் இருக்கை காலியாக இருந்தது. அந்தச் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியோ ஐ.டி.ஐ.யோ சேரும் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். படிப்பில் விருப்பம் குறைவு, தொழில் கற்க ஆசை என்றால், எட்டாவது முடித்தவர்களுக்கே அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. வெட்டுக்கத்திக்குப் பதிலாக அதுவும் ஒரு நல்ல வழிதான்.

“கூடவே கூட்டிட்டுப் போய் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்க்கிறோம்” என்று சிலர் சொல்கிறீர்கள். செங்கல் சூளை என்றால் ஆறு மாதம் ஒரே இடம், பக்கத்துப் பள்ளிக்குப் போகலாம். கரும்பு வெட்டு அப்படி இல்லை. தோட்டம் மாற மாற கொட்டாயும் மாறும். இரண்டு வாரத்துக்கு ஒரு பள்ளி மாற எந்தப் பிள்ளையால் முடியும்? சேர்க்கிறோம் என்று சொல்லிப் போன பிள்ளைகள் பெரும்பாலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு கொட்டாயில் இருந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கட்டு கட்டப் போய்விடுகிறார்கள். எட்டாவது வரை நாங்கள் யாரையும் அதே வகுப்பில் நிறுத்துவதில்லை என்பதால் “எப்படியும் பாஸ்தானே” என்ற எண்ணமும் இருக்கிறது. பாஸ் ஆகிவிடும். ஆனால் ஒன்பதாவது கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும், விட்டுப்போன நான்கு மாதம் அந்தப் பிள்ளையின் முன்னால் வந்து நிற்கும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கும்போதே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையையும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். 14 வயதுக்குள் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். முன்பணத்தைக் காட்டி யாரையும், பெரியவரானாலும் பிள்ளையானாலும், பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. கடன் வாங்கியது நீங்கள், பிள்ளை அல்ல. வயதைக் கூட்டி எழுதிச் சான்று தரச் சொல்லி என்னிடம் ஒருவர் வந்தார். இந்தப் பள்ளியில் அது நடக்காது. அப்படிக் கேட்டு இனி யாரும் வர வேண்டாம். எந்தப் பிள்ளையாவது வேலையில் மாட்டிக்கொண்டது தெரிந்தால் நான் 1098க்குப் போன் செய்வேன். உங்கள் மேல் கோபத்தில் அல்ல, அந்தப் பிள்ளைக்கு அப்போது வேறு யாரும் இல்லை என்பதால்.

இப்போது நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எட்டாம் வகுப்புப் பெற்றோர் ஒருமுறை பள்ளிக்கு வாருங்கள். கூலி வேலை முடித்துத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, ஏழரை வரை இருப்பேன். உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் ஒரு ஆசிரியரை வரச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாவதுக்கான விவரங்களை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்வார். நீங்கள் மே மாதம் வரை திரும்ப முடியாவிட்டாலும் பிள்ளையின் பெயர் அவர்களிடம் இருக்கும். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் கொண்டுவாருங்கள். நகல் எடுக்க வசதி இல்லையென்றால் அசலைக் கொண்டுவாருங்கள், நான் எடுத்துத் தருகிறேன்.

யார் வீட்டில் பிள்ளையை விட்டுப் போகிறீர்கள் என்பதையும் அன்று சொல்லுங்கள். பாட்டிக்கு முடியவில்லை, வீட்டில் ஆள் இல்லை என்றால் விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று நமக்குத் தெரிந்தவற்றுக்கு 2025 முதல் சமூகநீதி விடுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவதிலும் அங்கே தங்கிப் படிக்கலாம். விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். பெண் பிள்ளையை விடுதியில் விட மனம் வரவில்லை என்றால் முதலில் அம்மாவும் பிள்ளையும் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் ஆசிரியை ஒருவர் கூட வருவார். போகிற ஊர், மேஸ்திரியின் பெயர், பேசக்கூடிய ஒரு போன் எண் ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை ஞாயிறு இரவு போன் செய்து பிள்ளையைப் பேச வைக்கிறேன். எனக்குப் போன் கிடைக்காவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கேட்கலாம்.

போன வருடம் தன் இரண்டு பிள்ளைகளையும் பாட்டியிடம் விட்டுவிட்டு, வெட்டிலிருந்து ஒவ்வொரு வாரமும் எனக்குப் போன் செய்து “இந்த வாரம் லீவு போட்டானா டீச்சர்?” என்று கேட்ட அண்ணனுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு வடித்த அம்மாக்களுக்கும், மாலையில் பாட்டிமார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்த நம் பழைய மாணவிகளுக்கும் நன்றி. நீங்கள் இல்லாமல் இந்த ஊரில் ஒரு பிள்ளையைக்கூட எங்களால் ஒன்பதாவது வரை கொண்டுபோயிருக்க முடியாது.

அனைவருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி, எட்டாம் வகுப்பு அறையில் பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியை
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி
விழுப்புரம் மாவட்டம்