மூன்றரை லட்சமும் பன்னிரண்டாயிரமும்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்கு நீ கொடுத்து அனுப்பிய முறுக்கும் அதிரசமும் வந்து சேர்ந்தன. அதிரசம் வழியில் உதிர்ந்துவிட்டது, ருசி போகவில்லை.

போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்டதாகச் சொன்னாயே, "மாசம் மூணரை லட்சம் வாங்குறான், பெத்தவளையும் பொண்டாட்டி புள்ளையையும் கூட்டிப்போய் வச்சிக்கக் கூடாதா? வசதியா இருக்க இன்னும் எவ்வளவுதான் வேணுமாம்?" என்று. அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இப்போது 68 ரூபாய் பக்கம். பெருக்கினால் மூன்றரை லட்சம் வரத்தான் செய்கிறது. என்ன, சம்பளத்தைப் பெருக்குகிற யாரும் செலவைப் பெருக்கிப் பார்ப்பதில்லை.

முதலில் என் ஒருத்தன் கணக்கு. வாடகை 550 வெள்ளி. அதுவும் பாதி வாடகைதான். மன்னார்குடிப் பையன் ஒருவனும் நானும் ஒரே அறையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் சீனப் பெரியவர், நல்ல மனுஷர். ஆனால் அறை காட்டும்போதே லேசான சமையல்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். குக்கரில் சோறு வைக்கலாம், முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கிளறலாம். தாளிக்கக் கூடாது. கடுகு வெடித்தால் அடுத்த நிமிஷம் அவர் அறைக் கதவு திறக்கும். அவர் மகள் வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்து ஒரு மீன்குழம்பு. மற்ற நாளெல்லாம் உன் பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும்தான் கதி. ஏசி ராத்திரியில் மட்டும். துணி துவைக்க வாரத்தில் இரண்டு நாள்.

சாப்பாட்டுக்கு 450. பஸ், ரயில், போன் எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம். முடிவெட்டு, மருந்து, கோயில், எப்போதாவது தேக்காவில் ஒரு வாழை இலைச் சாப்பாடு என்று இன்னொரு 150. வரி குறைவு, வருஷத்துக்கே இரண்டாயிரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து வைக்கும் சிபிஎஃப் என்கிற சேமநிதி நமக்குக் கிடையாது; வயதான காலத்துக்கு நாமே எடுத்து வைத்தால்தான் உண்டு. ஆக, மாதம் 1,500 வெள்ளிக்குள் என் வயிறும் உடம்பும் அடங்கிவிடுகின்றன. தனி ஆளுக்கு 2,500 இருந்தால் அறையைப் பங்கு போடாமலே கஷ்டமில்லாமல் இருக்கலாம். அதற்கு மேல் நான் வாங்குவதெல்லாம் வீட்டுக் கடனுக்கும் பாப்பா பள்ளிக்கூடத்துக்கும் அம்மா மருந்துக்கும்தான் வருகிறது. அது உனக்கே தெரியும்.

சித்தப்பாவுக்குத் தெரியாதது அடுத்தது. இந்த ஊரில் குடும்பத்தைக் கூட்டிவர நாமே கணக்குப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தொகையை அரசாங்கமே போட்டு வைத்திருக்கிறது. பெண்டாட்டி பிள்ளையை அழைத்துவர மாதம் 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வேண்டும். அப்பா அம்மாவை என்றால் 12,000. 2018-லிருந்து இதுதான் அளவு. அதற்கு முன் 5,000-மும் 10,000-மும் இருந்தது.

நிலையான சம்பளம் என்பதில்தான் என் கழுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. என் சம்பளச் சீட்டில் முதல் வரி அடிப்படைச் சம்பளம், 4,800. அதற்குக் கீழே நைட் ஷிஃப்ட் படி, பிறகு ஓ.டி. இரண்டும் மாதத்துக்கு மாதம் மாறும். மெஷின் நின்று நாலு ஞாயிறும் வேலைக்குப் போன மாதம் கடைசி வரியில் 6,100 கூட வந்திருக்கிறது. கேட்டால், கடைசி வரியைப் பார்க்க மாட்டோம், முதல் வரிதான் என்கிறார்கள். ராத்திரி கண்விழித்துச் சம்பாதித்த காசு வீட்டுக் கடனை அடைக்கும், பெண்டாட்டிக்கு இங்கே தங்குகிற பாஸ் வாங்கித் தராது. எனக்கு இதில் எரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். அதே சமயம், கட்டட வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்திருக்கும் நம்ம பக்கத்துப் பையன்களுக்கு எவ்வளவு சம்பாதித்தாலும் குடும்பத்தை அழைக்க வழியே கிடையாது. டார்மெட்ரியில் கிடக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் புலம்புவது அழகில்லை.

சரி, நாளைக்கே சம்பளத்தை ஏற்றி 6,000 ஆக்கிவிட்டார்கள் என்று வை. போதுமா? தனி வீடு எடுத்தாக வேண்டும். இரண்டு படுக்கையறை உள்ள ஹெச்.டி.பி. (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு இந்த உட்லண்ட்ஸ் கோடியிலேயே 2,500-க்கு மேல் கேட்கிறார்கள். ஊர்க்காரப் பிள்ளைக்கு அரசு ஆரம்பப் பள்ளியில் படிப்புக் கட்டணம் இல்லை. நம்ம பாப்பாவுக்கு மாதம் 800 வெள்ளிக்கு மேல், அதுவும் இடம் கிடைத்தால். என் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறது, அவர்களுக்குப் போடாது. பாப்பா அம்மா பி.எட். முடித்தவள், ஆனால் அந்தப் பாஸில் வருகிறவர்கள் நினைத்தவுடன் வேலைக்குப் போக முடியாது. 2021-லிருந்து தனியாக வேலைப் பாஸ் எடுத்தால்தான் உண்டு. ஒரு சம்பளம், மூன்று வயிறு, பட்டுக்கோட்டை வீட்டுக் கடன் வேறு.

சித்தப்பா கேட்ட கேள்வியை இங்கேயும் ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை சொல்லித்தரும் லீ குவான் யூ பள்ளியைச் சேர்ந்தவர்களும் வேறு சிலருமாகச் சாதாரண ஜனங்களையே உட்காரவைத்து, மரியாதையாக வாழ என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியல் போட்டார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 2023-இல் வந்த தொகை மாதம் 6,693 வெள்ளி. முன்பு 2021-இல் இதே கணக்கு 6,426-ஆக வந்தபோது, இது தேவைக் கணக்கு இல்லை, ஜனங்கள் ஆசைப்படுவதன் கணக்கு என்கிற தோரணையில் அரசாங்கம் பதில் சொன்னது. அது ஊர்க்காரக் குடும்பத்தை மனதில் வைத்துப் போட்டது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் முழுசாகக் கொடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, ஒரு பிள்ளையோடு வந்தாலும் 7,500 இல்லாமல் மாதக் கடைசியில் நிம்மதி இருக்காது என்பது என் கணக்கு. கார் எல்லாம் பேச்சுக்கே எடுக்காதே. கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டே லட்சம் வெள்ளியைத் தொட்டு நிற்கிறது, பத்து வருஷத்துக்கு மட்டும்.

அம்மா விஷயம் அதைவிட லேசாகத் தீர்ந்துவிடும். 12,000 நிலையான சம்பளம் என் வேலையில் என் ஆயுசுக்கும் வராது. விசிட் விசாவில் ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். வந்தாலும், வீரமாகாளியம்மன் கோயிலுக்கு ஒரு நாள் போய்வந்த பிறகு பன்னிரண்டாவது மாடியில் தாளிக்கக் கூடாத அடுப்பைப் பார்த்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள்?

அதனால் நான் வேறு தொகையைத் தேட ஆரம்பித்திருக்கிறேன். பட்டுக்கோட்டையில் நாங்கள் நாலு பேரும் கஷ்டமில்லாமல் இருக்க மாதம் எவ்வளவு வேண்டும்? வீடு நம்முடையது, கடன் இன்னும் இரண்டு வருஷத்தில் முடிகிறது. என் உத்தேசம் 45,000 ரூபாய். பாப்பா பள்ளிக்கூடம், அம்மாவின் சர்க்கரை மாத்திரை, கரண்டு, மளிகை, நல்லது கெட்டதுக்கு மொய், எல்லாம் அதில் வர வேண்டும். கஜா புயலில் மொத்தத் தோப்பும் சாய்ந்த பிறகுதானே நான் கப்பல் ஏறாத குறையாக இங்கே வந்தேன். அடுத்த வருஷம் வைத்த நெட்டைக் கன்றெல்லாம் இப்போது பாளை விடுகிறது என்று அத்தான் சொன்னார். இந்த வருஷம் தேங்காய் விற்ற விலை அடுத்த வருஷமும் நிற்கும் என்று மட்டும் யாரும் கணக்குப் போட வேண்டாம். பாதி விலைக்கே போடுங்கள். மீதிக்கு அங்கே எனக்கு ஒரு மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தாலும் கிட்டத்தட்ட வந்துவிடும் போலிருக்கிறது.

எனக்காக ஒன்று செய். கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் அம்மா வீட்டுச் செலவைப் பாப்பா அம்மாவிடம் சொல்லி ஒரு நோட்டில் எழுதச் சொல். உத்தேசமாக வேண்டாம், பால்காரருக்குக் கொடுத்த பாக்கி வரைக்கும். தையில் பொங்கல் செலவு கூடுதலாக வரும், அதைத் தனிப் பக்கத்தில் எழுதட்டும். அத்தானிடம் தோப்பில் ஒரு வெட்டுக்கு எத்தனை காய் விழுகிறது, ஏறுகூலி எவ்வளவு, உரம் எவ்வளவு என்று கேட்டு அனுப்பு. சித்தப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினாலும் சரி, சம்பளச் சீட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுப் படி.

மோட்டார் காயில் கட்ட 8,000 ரூபாய் உன் கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய கடையிலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி