முதலில் அடிமானம், பிறகு கால்குலேட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மடக்கைப் (லாக்) பாடம் வந்திருந்தது. ஓர் எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இன்னோர் எண் வரும் என்பதைச் சொல்வது மடக்கை; உயர்த்தப்படும் எண்தான் அடிமானம். அடிமானங்கள் வேறுபட்டால் உடனே அடிமான மாற்று விதியைப் போட்டு, அதாவது இரண்டு எண்களுக்கும் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கைகளைக் கண்டு வகுக்கச் சொல்லியிருந்தீர்கள். விதியில் பிழையில்லை. அதை முதல் படியாக வைத்ததுதான் சரியில்லை.

பாடத்தில் இருந்த லாக்₈ 32 கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்தடிமானத்தில் 32-இன் மடக்கை 1.5051, 8-இன் மடக்கை 0.9031; வகுத்தால் 1.6666. இரண்டு தசம இடத்தோடு நிறுத்திக்கொள்ளும் மாணவர் 1.51-ஐ 0.90-ஆல் வகுத்து 1.68 என்று எழுதுவார். ஆனால் 8 என்பது 2-இன் 3-ஆம் அடுக்கு, 32 என்பது 2-இன் 5-ஆம் அடுக்கு. 8-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 32 வரும் என்பதுதானே கேள்வி? அந்த அடுக்கு 'க' என்றால் 3க = 5; விடை 5/3. தோராயத்துக்கு இங்கே வேலையே இல்லை. '3க = 5' என்ற அந்த ஒரு வரியை எழுதிவிட்டால், அவசரத்தில் 3/5 என்று தலைகீழாகப் போடும் தவறும் வராது.

இதைவிட அதிகம் பார்க்கும் பிழை, கூட்டலில் வருவது. லாக்₂ 8 + லாக்₃ 9 என்று கொடுத்தால் எண்களைப் பெருக்கி, அடிமானங்களையும் பெருக்கி, லாக்₆ 72 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையான விடை 3 + 2 = 5. லாக்₆ 72-ஓ 3-ஐக்கூட எட்டாது. 72 என்பது 36-க்கும் 216-க்கும் நடுவில்தானே இருக்கிறது. பெருக்கல் விதி அடுக்குகளைக் கூட்டும் விதி. உயர்த்தப்படும் எண் இரண்டிலும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால் அடுக்குகளைக் கூட்டி ஒரே மடக்கையாக எழுத முடியாது. இதன் தம்பி ஒருவர் உண்டு: லாக் 32-ஐ லாக் 8-ஆல் வகுப்பதை லாக் 4 என்று சுருக்குவது. வகுத்தல் விதி மடக்கைகளின் கழித்தலுக்கு உரியது, மடக்கைகளின் வகுத்தலுக்கு அல்ல.

அடிமான மாற்று விதியின் அருமை தெரிய வேண்டுமென்றால் லாக்₂ 3 × லாக்₃ 4 × லாக்₄ 5 × லாக்₅ 6 × லாக்₆ 7 × லாக்₇ 8 போன்ற கணக்கைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் பின்னமாக எழுதினால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு, லாக் 8-இன் கீழ் லாக் 2 மட்டும் மிஞ்சும், விடை 3. தசமத்தில் போனால் ஆறு வகுத்தல், அதன்பின் ஐந்து பெருக்கல்.

சமன்பாடுகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. லாக்₂ க + லாக்₄ (க − 6)² = 3 என்பதில் 4 என்பது 2-இன் வர்க்கம் என்பதால் இரண்டாம் உறுப்பை லாக்₂ (க − 6) என்று மாற்றுகிறவர்களுக்கு 3 + √17 என்ற ஒரே விடைதான் கிடைக்கும். வர்க்கம் இருப்பதால் க − 6 குறை எண்ணாகவும் இருக்கலாம். எனவே அதை லாக்₂ |க − 6| என்றுதான் எழுத வேண்டும். அப்போது க < 6 என்ற நிலையில் க(6 − க) = 8 என்றாகி, 2, 4 ஆகிய இரண்டு விடைகளும் சேரும். 2-ஐப் போட்டுப் பாருங்கள்: லாக்₂ 2 = 1, லாக்₄ 16 = 2, கூட்டினால் 3.

பொது அடிமானம் அகப்படாத கணக்குகளும் உண்டு. லாக்₅ 12-க்குக் கால்குலேட்டர் வேண்டியதுதான். 12 என்பது 5-க்கும் 25-க்கும் நடுவில் இருப்பதால் விடை 1-க்கும் 2-க்கும் நடுவில் என்று முதலில் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். 1.0792-ஐ 0.6990-ஆல் வகுத்தால் 1.544. மேலே 'லாக்' விசையும் கீழே 'எல்என்' விசையும் (ஏறக்குறைய 2.718-ஐ அடிமானமாகக் கொண்ட இயல் மடக்கை) அழுத்தினால் 0.67 வரும், ஓரக்குறிப்பே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் 'லாக்' விசையை அழுத்தியதும் தானே அடைப்புக்குறியைத் திறக்கும் கால்குலேட்டரில் 12-க்குப் பிறகு அதை மூட மறந்தால் 1.2347 வரும். அது 1-க்கும் 2-க்கும் நடுவில் இருப்பதால் தப்பித்துவிடும். 5-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்திப் பார்த்தால்தான் 12-க்குப் பதில் 7.3 வருவது தெரியும். இந்தச் சரிபார்ப்புக்குச் சில நொடிகள் போதும்; பாடத்தில் அது இல்லை.

கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைத்தானில் அடிமானம் சொல்லாத லாக் இயல் மடக்கையைத் தரும்; எக்செல்லிலோ அது பத்தடிமானம். பைத்தானில் 1000-க்கு 10 என்று அடிமானம் கொடுத்துக் கேட்டால் 3 வராமல் 2.9999999999999996 வருகிறது. அதை முழு எண்ணாக வெட்டினால் 2. காரணம், உள்ளே நடப்பதும் இரண்டு தோராய மதிப்புகளின் வகுத்தல்தான்.

விடைப் பகுதியில் லாக்₈ 32 = 1.67 என்று சமக்குறியோடு அச்சாகியிருக்கிறது. அடுத்த இதழில் அதை 5/3 என்று திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் இருவர்