வரி ஆலோசகர்கள் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், நிர்வாகக் குழுவினர், மூத்த உறுப்பினர்கள், இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டு நம் தொழிலில் இருக்கும் யாருக்கும் நிம்மதியாகப் போகவில்லை. தணிக்கை தேவைப்படாதவர்கள் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளை ஜூலை 31இல் இருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளினார்கள். கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டிக் கொடுத்தார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பில் போடும் மென்பொருளில் விகிதத்தை மாற்றத் தெரியாத கடைக்காரர்கள் முதலில் கூப்பிட்டது நம்மைத்தான். அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் நின்றது. பழைய கம்ப்யூட்டரிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த பல உறுப்பினர்கள் இந்த ஆண்டு புது லேப்டாப் வாங்கியதற்கு அதுதான் காரணம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. விகித மாற்றம் பற்றி வணிகர்களுக்கு நாம் நடத்திய விளக்கக் கூட்டத்துக்கு நல்ல வரவேற்பு. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மாடி அறையில் இந்த ஆண்டு நாம் அமைத்த பொதுப் பணியறையைப் பற்றி. சங்கத்தின் பணம் அதிகம் செலவானதும் அதற்குத்தான், உறுப்பினர்கள் அதிகம் கேள்வி கேட்டதும் அதைப் பற்றித்தான்.

புது லேப்டாப்களில் பெரும்பாலும் ஓரிரு டைப்-சி போர்ட்தான் இருக்கிறது. நம் வேலைக்கோ ஒரு பக்கம் வரித் துறையின் போர்ட்டல், ஒரு பக்கம் டேலி கணக்கு மென்பொருள் என்று இரண்டு திரை வேண்டும். அப்புறம் கீபோர்டு, மவுஸ், ஸ்கேனர், வெளி ஹார்டு டிஸ்க், லேன் கேபிள், டிஎஸ்சி டோக்கன் (மின்னணுக் கையெழுத்து இருக்கும், பென்டிரைவ் போன்ற சாதனம்). ஆகவே மேசையில் பல போர்ட்கள் கொண்ட டாக்கிங் ஸ்டேஷன் (சுருக்கமாக டாக்) ஒன்றை வைத்து எல்லாவற்றையும் அதில் இணைத்துவிட்டோம். உறுப்பினர் தன் லேப்டாப்போடு வந்து ஒரே ஒரு கேபிளைச் செருகினால் போதும், வேலையைத் தொடங்கலாம் என்பது திட்டம்.

திறந்த முதல் வாரத்திலேயே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "ஒரு வயரைச் செருகினா எல்லாம் வேலை செய்யும்னு சொன்னியே தம்பி, எனக்கு கீபோர்டு வேலை செய்யுது, சார்ஜ் ஏறுது, படம் மட்டும் வரலையே?" என்றார். டாக்கில் எந்தக் கோளாறும் இல்லை. டைப்-சி என்பது போர்ட்டின் வடிவம் மட்டும்தான். அதற்குள் என்னென்ன வசதி இருக்கிறது என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். சிலவற்றில் தகவல் மட்டும் போகும். சிலவற்றில் தகவலோடு சார்ஜும் ஏறும். மானிட்டருக்குப் படம் போக, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்ற வசதியோ தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்போ அந்தப் போர்ட்டில் இருக்க வேண்டும். போர்ட் அருகே மின்னல் குறியோ, 'டி'க்குள் 'பி' எழுதியது போன்ற குறியோ இருந்தால் படம் வரும் என்று நம்பலாம். பல கம்பெனிகள் எந்தக் குறியும் போடுவதில்லை. அப்போது மாடல் எண்ணைப் பார்த்து விவரக் குறிப்பைத் தேடிப் படிப்பதுதான் வழி. அந்த உறுப்பினரின் லேப்டாப்பில் இருந்த எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே ஒரு மானிட்டரை நேராக இணைத்துக் கொடுத்தோம். மற்றவை டாக் வழியாகவே ஓடுகின்றன.

முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட ஒரு பெரிய 4கே மானிட்டர் வாங்காமல் ஏன் இரண்டு முழு எச்டி மானிட்டர் வாங்கினோம் என்று பலர் கேட்டார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டைப்-சி போர்ட்டில் 24 முனைகள் இருக்கின்றன. அவற்றில் அதிவேகத் தகவலுக்கென்று இருப்பவை நான்கு தடங்கள். நான்கையும் படத்துக்கே கொடுத்துவிட்டால் ஹார்டு டிஸ்க், ஸ்கேனர், லேன் எல்லாம் விநாடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். இரண்டு தடம் படத்துக்கு, இரண்டு தடம் தகவலுக்கு என்று பிரித்தால் எல்லாம் ஓரளவு வேகமாக நடக்கும், ஆனால் படத்துக்குப் பாதி வழிதான். உறுப்பினர்களிடம் பரவலாக இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில், இரண்டு தடங்களில் விநாடிக்குச் சுமார் 8.6 ஜிகாபிட் போகும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் முழு எச்டி மானிட்டர் ஒன்றுக்கு மூன்றரை ஜிகாபிட் அளவு போதும், ஆக இரண்டு மானிட்டர் தாராளமாக ஓடும். அதே 60 முறை புதுப்பிக்கும் 4கே திரைக்கு 12 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும். வழி போதாதபோது அது 30 முறைக்கு இறங்கிவிடும். மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகரும், எக்செலில் வரிசைகளை உருட்டினால் கண் வலிக்கும். நாள் முழுக்க எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது சரிப்படாது. தண்டர்போல்ட் 4 உள்ள லேப்டாப்பில், அதற்கேற்ற டாக் இருந்தால், 60 முறை புதுப்பிக்கும் இரண்டு 4கே திரைகளே ஓடும். ஆனால் எல்லா உறுப்பினரிடமும் அந்த லேப்டாப் இல்லை. பொது அறை பெரும்பான்மையோருக்குப் பயன்பட வேண்டும் என்றுதான் குழு முடிவெடுத்தது. அந்த முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

மேக்புக் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் டாக், லேப்டாப்பில் இருந்து வரும் ஒரு படத் தொடரை எம்எஸ்டி என்ற முறையில் இரண்டாகப் பிரிக்கிறது. விண்டோஸ் இதை ஏற்கும். மேக் இயங்குதளம் ஏற்காததால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் வரும். அதோடு, 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் இயக்கும். இரண்டு திரை கட்டாயம் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் ஒரு வழி. அது படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தகவலாக அனுப்பும், அதற்கான மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும், திரையைப் பதிவுசெய்யும் அனுமதியும் கொடுக்க வேண்டும். கணக்கு வேலைக்கு அது நன்றாகவே போதும்.

கேபிளைப் பற்றி ஒரு வேண்டுகோள். டாக்கோடு வந்த கேபிளைத் தயவுசெய்து யாரும் மாற்ற வேண்டாம். ஒருநாள் காலையில் இரண்டு மானிட்டரும் இருண்டு கிடந்தன. பார்த்தால் அந்த இடத்தில் யாரோ செல்போன் சார்ஜர் கேபிளைச் செருகியிருந்தார்கள். இரண்டு முனையும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனால் சார்ஜருக்கென்று வரும் பல கேபிள்களில் அந்த நான்கு அதிவேகத் தடங்களுக்கான கம்பிகளே கிடையாது. மின்சாரமும் யூஎஸ்பி 2.0 தகவலும் மட்டும் போகும். 60 வாட்டுக்கு மேல் மின்சாரம் போக வேண்டுமானால் 5 ஆம்பியர் தாங்கும் கேபிள் வேண்டும், அதன் தலைக்குள் தன்னை அடையாளம் காட்டும் சிறு சில்லும் இருக்க வேண்டும். சரியான கேபிளில் இப்போது சிவப்பு நாடா சுற்றி வைத்திருக்கிறோம்.

டாக்குக்குப் பதில், தனக்கென்று மின் அடாப்டர் இல்லாத மலிவு ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் சிறு பெட்டி) போதாதா என்ற கேள்வியும் வந்தது. வீட்டில் ஒரு மவுஸ், ஒரு பென்டிரைவ் என்றால் போதும். இங்கே போதாது. அந்த வகை ஹப்பில் உங்கள் சார்ஜரைச் செருகினால், ஹப் தனக்கென்று 10, 15 வாட்டை எடுத்துவைத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்குத் தரும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 50 வாட் போனால், வேலை அதிகமாகும்போது சார்ஜரில் இருக்கும்போதே பேட்டரி இறங்கும். சார்ஜரே இல்லாமல் ஹப் ஓடினால் இன்னும் சிக்கல். யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்று தரக் கடமைப்பட்ட மின்சாரம் 900 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 2.0 என்றால் 500தான். அதை ஹார்டு டிஸ்க்கும் ஸ்கேனரும் கீபோர்டும் பங்கு போட்டால், சுழலத் தொடங்கும்போது அதிகம் இழுக்கும் ஹார்டு டிஸ்க்தான் முதலில் விழும். பாதி பேக்கப்பில் டிஸ்க் துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்று டேலி வைத்திருக்கும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே காரணத்துக்காக டாக்கின் அடாப்டரையும் மானிட்டர்களையும் யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறோம். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும், ஆனால் டாக் அணைந்தால் அதில் தொங்கும் எல்லாமே ஒரே நொடியில் போய்விடும். முன்னறிவிப்பு வந்த நாளில் ஹார்டு டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது என்று புகார் எழுதியிருந்தவர்களுக்குப் பதில். யூஎஸ்பி 3.0 சாதனங்கள் வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகும் என்று இன்டெல் நிறுவனம் 2012லேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் மவுஸின் ரிசீவர் இருந்ததால் வந்த வினை அது. ரிசீவரை ஒரு நீட்டிப்பு கேபிளில் மேசை விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதற்குப் பிறகு புகார் இல்லை.

பிரிண்டரை டாக்கில் இணைக்காமல் நெட்வொர்க்கில் விட்டிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் எந்த லேப்டாப்பிலிருந்தும் அச்செடுக்கலாம். லேன் கேபிள் டாக்கில் இருக்கிறது. கடைசி நாளில் போர்ட்டல் திணறினால் லேன் அதை வேகமாக்காது, நம் பக்கம் இணைப்பு அறுந்து போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூடியை மூடிவைத்து வேலை செய்ய விரும்புபவர்கள் விண்டோஸின் மின்சார அமைப்பில் மூடினால் தூங்க வேண்டாம் என்று முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது டிஎஸ்சி டோக்கன். இந்த ஆண்டு மட்டும் பலமுறை, உறுப்பினர்கள் போன பிறகு டாக்கின் பின்பக்கம் வாடிக்கையாளரின் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கம் லேப்டாப் கேபிளைப் பிடுங்கியதும் வேலை முடிந்தது என்ற நினைப்பில் எழுந்து போய்விடுகிறோம். டோக்கன் என்பது ஒருவரின் கையெழுத்து. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 42ஆவது பிரிவு, தன் தனித் திறவுகோலை, அதாவது கையெழுத்துப் போடும் ரகசியக் குறியீட்டை, தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள நியாயமான கவனம் எடுப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது. நம்மை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவரை நாம் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. அடுத்து வந்து அமர்பவரின் கணினியில் அந்தச் சான்றிதழும் பட்டியலில் வரும், அவசரத்தில் தவறான பெயரைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஜனவரியில் இருந்து டோக்கனை டாக்கில் செருகக் கூடாது, லேப்டாப்பின் சொந்தப் போர்ட்டில்தான் செருக வேண்டும் என்று நிர்வாகக் குழு விதி வகுத்திருக்கிறது. டைப்-சி மட்டுமே உள்ள லேப்டாப்களுக்காகச் சிறிய மாற்றி ஒன்று அலுவலக மேசையில் இருக்கும். பென்டிரைவுக்கும் இதே விதி.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு கோரிக்கைகள். எதிர்ச் சுவரோரம் இரண்டாவது மேசைக்கு இதே மாதிரி டாக் ஒன்று வாங்க அனுமதி வேண்டும். விலைப்புள்ளிகளைப் பொருளாளர் வைத்திருக்கிறார். அடுத்து, புது லேப்டாப் வாங்கப் போகும் உறுப்பினர்கள் பணம் கட்டுவதற்கு முன் மாடல் எண்ணைச் சங்கத்துக்கு அனுப்பினால், போர்ட் விவரத்தைப் பார்த்துச் சொல்ல இளம் உறுப்பினர்கள் இருவர் தாமாகவே முன்வந்திருக்கிறார்கள். அவர்களைத் துணைக்குழுவாக நியமிக்க வேண்டுகிறேன். மேசையடியில் படுத்துக் கேபிள் கேபிளாகப் பெயர் ஒட்டியவர்களும் இவர்கள்தான். அவர்களுக்கும், சாவியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் அலுவலக உதவியாளர் அம்மாவுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்