வெளியே கிடக்கிறது பனி, ஃப்ரிட்ஜ் இல்லை சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன இதழ் குளிர்கால ஸ்பெஷல்ல பனிப்புயல் கட்டுரை, மூணாவது பாரா. கரண்ட் போனா கவலைப்படாதீங்க, வெளியேதான் இயற்கை ஓசியில ஃப்ரிட்ஜ் தொறந்து வெச்சிருக்கே, சாமானை எல்லாம் பனியில புதைச்சிட்டு நிம்மதியா இருங்கன்னு எழுதியிருக்கார் உங்க கட்டுரையாளர். நிம்மதியாம்! நான் அந்த நிம்மதியை அனுபவிச்சவ சார், அதான் எழுதுறேன்.

மூணு வருஷம் முன்னாடி, புயல்ல கரண்ட் போன அன்னிக்கு ராத்திரி பால், முட்டை, சமைச்ச கறி எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டு பின்வாசல் படியில வெச்சேன், நல்ல உறைபனி, என்னை விட புத்திசாலி உண்டான்னு நெனப்பு வேற. மறுநாள் மத்தியானம் வெயில் அடிச்சுது பாருங்க, பனியில பட்டு கண்ணு கூசுற வெயில், பெட்டி சுவர் ஓரமா இருந்ததால நேரா அது மேலயே. சாயங்காலம் போய்ப் பார்த்தா முட்டை நாலு ராத்திரியே உறைஞ்சு விரிசல் விட்டு ஒழுகிக் கெடக்கு, கறி டப்பா தொட்டா வெதுவெதுங்குது, பாலைக் காணோம், ஏதோ பிராணியோட காலடி மட்டும் வேலி வரைக்கும் வரிசையா போகுது. கறியை மோந்து பார்த்தேன், ஒரு நாத்தமும் இல்லை, சூடு பண்ணிப் போட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி பூரா வீட்டுக்காரரும் சின்னவனும் ஒரே டார்ச்சை மாத்தி மாத்தி வாங்கிட்டு பாத்ரூமுக்கு ஓடினாங்க. பைப்புல தண்ணியும் உறைஞ்சு போச்சு, அதுக்கு மேல கேக்காதீங்க.

கெட்டுப்போனது எல்லாம் நாறாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். கதவைத் தொறக்காம வெச்சா ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரீசர் ரொம்பி இருந்தா 48 மணி நேரம், பாதிதான் இருக்குன்னா 24. பால், கறி மாதிரி சாமான் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல 2 மணி நேரத்துக்கு மேல இருந்துச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்ன, ஆனா நாலு பக்கக் கட்டுரையில இந்த நம்பர் ஒண்ணு கூட இல்லை, அரைப் பக்கத்துக்கு மெழுகுவர்த்தி படம் மட்டும் இருக்கு. பாட்டில்ல தண்ணி ரொப்பி வெளிய உறைய வெச்சு அந்த ஐஸை உள்ள கொண்டு வந்து ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு சொல்லியிருந்தா குளிரும் உபயோகமாயிருக்கும், சாப்பாட்டை எதுக்கு சார் வெளிய அனுப்புறீங்க?

சொல்ல ஆரம்பிச்சுட்டேன், சேர்த்தே சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஸ்பெஷல்ல கரி அடுப்பை ஹாலுக்குள்ள வெச்சு குளிர் காயலாம்னு ஒரு டிப்ஸ் போட்டீங்க. 2021 பிப்ரவரியில அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல பனிப்புயலடிச்சு 40 லட்சம் வீட்டுக்கு மேல கரண்ட் இல்லாமப் போனப்ப, வீட்டுக்குள்ள கரி மூட்டி, கராஜ்ல காரை ஓட விட்டு குளிர் காய்ஞ்சவங்க கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுல செத்துப் போனது பேப்பர் நடத்துற உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஜெனரேட்டரையே வீட்டுல இருந்து 6 மீட்டராவது தள்ளி வெக்கச் சொல்றாங்க, நீங்க சோபா பக்கத்துல கரி வெக்கச் சொல்றீங்க. அப்பவும் ரெண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், வரலை. அட்டைப்படம் அருமைன்னு ஒருத்தர் ஒரு வரி எழுதியிருந்தார், அது வந்துச்சு. சந்தோஷம்.

இந்தத் தடவை வாங்கி வெக்க வேண்டிய சாமான்னு 22 ஐட்டம் லிஸ்ட், அதுல பாதி டின். டின்னைத் தொறக்க கையால திருகுற கட்டர் வேணும்னு ஒரு வார்த்தை இல்லை! என்கிட்ட இருந்தது கரண்ட்ல ஓடுற கட்டர். ஸ்க்ரூ டிரைவரால குத்தித் தொறந்தேன், கட்டை விரல்ல தழும்பு இன்னும் இருக்கு. குடிக்க, கை கழுவ ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி, 3 நாளைக்காவது, அதுவும் லிஸ்ட்ல இல்லை. வாசனை மெழுகுவர்த்தி இருக்கு.

உங்க கட்டுரையாளர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவர் பாவம் கரண்ட் இருக்கிற ரூம்ல உக்காந்து எழுதினவர். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, அடுத்த இதழ்ல அந்த நம்பர்களை மட்டும் ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போடுங்க. சாம்பல் கலர் எழுத்து வேண்டாம், டார்ச் வெளிச்சத்துல படிக்கணும். அதுக்குப் பின்பக்கம் குறுக்கெழுத்துப் போட்டி வராம பாத்துக்கோங்க, நான் வெட்டி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டணும், எங்க வீட்டுக்காரருக்கு அந்தப் போட்டி வேணும்.

இப்படிக்கு,
அச்சுல வராத ரெண்டு கடிதம் எழுதின பழைய வாசகி
(இது மூணாவது)